நூற்றுப் பதிமூன்றாவது ‘சரி’

பெருநாள் விடுமுறை முடிந்த திங்கட்கிழமை, காலை ஒன்பது மணிக்கு இர்ஃபான் கூப்பிட்டார். ராஸ் அல் கைமாவில் என் நண்பன் சங்கரலிங்கம் வேலை பார்த்த சிமென்ட் ஆலையின் ஸ்டோர் பொறுப்பாளர் அவர். நான் அபுதாபி முசஃபாவில் எங்கள் ஒர்க்‌ஷாப் வாசலில் நின்றிருந்தேன். “பாய், ஜல்தி ஆவோ. சங்கர் பாய் கலாஸ்” என்றார். சீக்கிரம் வா, ஆள் முடிந்துபோனார் என்று அர்த்தம். நான் அவரோடு சண்டைக்குப் போனேன். ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான் எனக்கு மெசேஜ் போட்டான், ஆளை மாற்றிச் சொல்கிறீர்கள், போய்ச் சரியாகப் பாருங்கள் என்று என்னுடைய அரைகுறை இந்தியில் கத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, டியூட்டிக்கு வரவில்லையே என்று ரூமுக்குப் போனோம், கதவை உடைத்துத் திறந்தோம், மூன்று நான்கு நாளாவது ஆகியிருக்கும் என்று போலீஸோடு வந்த டாக்டர் சொல்கிறார் என்றார். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே காதோரம் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். சங்கரலிங்கத்தின் பெயரில் ஒரு வரி வந்திருந்தது. “சரி. 113.”

சவூதியில், தம்மாமில் எங்களோடு இருந்தவர்களுக்கு அவனைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவன் எப்படிப் போனான் என்பதைப் பலவிதமாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நடந்ததை நடந்தபடி எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். இதில் என்னைப் பற்றியும் கொஞ்சம் வரும். அது நல்லவிதமாக இருக்காது.

தம்மாமில் ஒரு தண்ணீர் நிலையத்துப் பம்புகளை ஓட்டிய பழைய கட்டுப்பாட்டுப் பெட்டி உங்களுக்கு நினைவிருக்கும். அதற்குள் இருந்தது 8085 சிப். நம்மூரில் இன்ஜினியரிங் படித்த எல்லோரும் லேபில் ஒரு கிட்டை வைத்துக்கொண்டு, சிவப்பு எழுத்தில் எண்கள் எரிய, இரண்டையும் இரண்டையும் கூட்டிப் பார்த்தோமே, அதே சிப். பெட்டியின் நிரலில் கையேட்டிலேயே இல்லாத கட்டளைகள் சில இருந்தன. மெமரி கெட்டுப்போய்விட்டது, பெட்டியைத் தூக்கிப் போடுங்கள் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். சங்கரலிங்கம் மட்டும் மூன்று வாரம் பிரிண்ட் தாளை மடியில் வைத்துக்கொண்டு திரிந்தான். கடைசியில் எங்களோடு வேலை பார்த்த அந்தோணியையும் என்னையும் கேன்டீனில் உட்காரவைத்துச் சொன்னான்: “இது கெட்டுப்போகல வே. சிப்பைச் செஞ்சவனுவ பத்துக் கட்டளையை உள்ள வச்சுட்டு மேனுவல்ல எழுதாம விட்டுட்டானுவ. எழுதலைன்னா இல்லைன்னு ஆயிருமா?” பெட்டி பிழைத்தது. அவனுக்கு அதிலிருந்துதான் பித்துப் பிடித்தது.

அடுத்த லீவில் திருநெல்வேலிக்குப் போனவன், தான் படித்த கல்லூரியில் காயலான் கடைக்குப் போகவிருந்த 8085 கிட் ஒன்றைக் கேட்டு வாங்கி, வேட்டியில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டு வந்தான். தம்மாம் விமான நிலையத்தில் கஸ்டம்ஸ் அதிகாரி அதை வெளியே எடுத்து, இது என்ன என்று கேட்டார். கால்குலேட்டர் என்று சொல்லியிருக்கிறான். சரி, கணக்குப் போட்டுக் காட்டு என்றார் அவர். ப்ளக்கைச் செருகி, பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பத்து நிமிடம் நிரல் ஏற்றி, இரண்டும் இரண்டும் நாலு என்று காட்டினான். பின்னால் நின்ற வரிசை முழுக்க அவனைத் திட்டியது. அதிகாரி சிரித்துவிட்டார். “யல்லா, யல்லா” என்று தள்ளி அனுப்பினார். அன்று பின்னால் நின்று திட்டியவர்களில் நானும் ஒருவன்.

அவன் செய்ததைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பழைய சிப் செய்கிற ஒவ்வொரு வேலையையும் அப்படியே செய்து காட்டும் ஒரு நிரலைப் புதிய கம்ப்யூட்டரில் எழுதுவது. எமுலேட்டர் என்பார்கள். பழைய நிரலை அதில் போட்டால், தன் பழைய வீட்டிலேயே இருப்பதாக நினைத்துக்கொண்டு அது ஓட வேண்டும். இதனால் யாருக்கும் சம்பளம் கூடப்போவதில்லை. எதற்குடா இந்த வேலை என்று கேட்டால், “சீட்டாடுதவன்ட்ட இதைக் கேப்பீரா?” என்பான். வேலையைப் பற்றி அவன் சொன்ன ஒன்று எனக்கு எப்போதும் நினைவில் இருக்கும். “நெசச் சிப்புல ஓடுதோமா, பொய்ச் சிப்புல ஓடுதோமான்னு நிரலுக்குச் சந்தேகமே வரக் கூடாது வே. சந்தேகம் வந்துட்டுன்னா நாம தோத்துட்டோம்.”

இன்னொன்றும் சொல்வான். சிப்பில் உள்ள கோளாறுகளையும் விடாமல் எழுத வேண்டும் என்பது அவன் கட்சி. நான் ஒருமுறை, தப்பாக இருப்பதைத் திருத்தி எழுதினால் என்ன, நல்லதுதானே என்றேன். “நல்லதை மட்டும் எழுதுனா அது கல்யாணத்துல வாசிக்கிற வாழ்த்து மடல். தப்பையும் சேத்து எழுதுனாத்தான் அது அந்தச் சிப்பு” என்றான்.

அவன் பேச்சுப்படியே அவன் தப்புகளையும் எழுதிவிடுகிறேன். அவனோடு இருப்பது லேசில்லை. யார் என்ன சொன்னாலும் திருத்துவான். நாங்கள் இருவரும் தம்மாமை விட்டு அமீரகத்துக்கு வந்த பிறகு, என் மகள் பிறந்தநாளுக்கு அபுதாபி வரை வந்தவன், கேக் வெட்டும் முன்பே சிப்புக்குள் இருக்கும் ஏதோ ஒரு ‘ஃபிளாக்’ பிட் பற்றி யோசனை வந்து, சாப்பிடாமல் இரண்டரை மணி நேரம் காரோட்டித் திரும்பிப் போனான். அவன் மகள் பிரியா கோயம்புத்தூரில் படிக்கிறாள். அவள் போன் செய்தால் ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு மறந்துவிடுவான். “அங்கிள், அப்பாவோட ஒன் மினிட்னா ஒன் அவர்” என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பாள், ஆனால் அது சிரிப்பில்லை என்று எனக்குத் தெரியும். மகள் படிப்புக்காக அவன் மனைவி கோமதியும் ஊருக்குப் போன பிறகு, ராஸ் அல் கைமாவில் ஒற்றை அறையில் அவனும் லேப்டாப்பும் கிட்டும்தான். டாக்டரிடம் போகச் சொன்னால் கோபம் வரும். சமைத்துச் சாப்பிடச் சொன்னால் சோம்பல் வரும். போனை எடுக்காமல் இருப்பது அவன் வழக்கம். இந்தக் கடைசித் தப்பில்தான் நாங்கள் எல்லோரும் ஏமாந்தோம்.

பல வருட வேலைக்குப் பிறகு எமுலேட்டர் முடிந்துவிட்டதாக அவனுக்குத் தோன்றியது. கடைசியாக ஒரு பெரிய சோதனை வைத்தான். மேஜையில் ஒரு பக்கம் கிட், அதில் நிஜச் சிப். இன்னொரு பக்கம் லேப்டாப், அதில் அவன் எழுதிய சிப். ஒரே கட்டளையை இரண்டுக்கும் கொடுத்து, இரண்டும் ஒரே பதிலைச் சொல்கின்றனவா என்று பார்க்க வேண்டும். நூற்றிருபது பகுதிகள். கையேட்டில் இல்லாத அந்தப் பத்துக் கட்டளைகள் கடைசிப் பத்துப் பகுதிகள். நிஜச் சிப் தன் பழைய வேகத்தில்தானே ஓடும், அதனால் பகுதிக்கு ஒரு மணி நேரம். ஐந்து நாள். பெருநாள் லீவுக்காகக் காத்திருந்து, புதன்கிழமை மாலை டியூட்டி முடிந்து வந்து தொடங்கினான்.

டியூட்டியில் இருக்கும்போதும் தெரிய வேண்டும் என்று, ஒவ்வொரு பகுதி முடிந்ததும் லேப்டாப்பே அவன் பெயரில் எங்கள் குழுவுக்குச் செய்தி போடும்படி செய்திருந்தான். குழு என்றால் மூன்றே பேர்: அவன், நான், இன்னும் தம்மாமிலேயே இருக்கும் அந்தோணி. இரண்டு பதிலும் ஒத்துப்போனால் “சரி”, கூடவே பகுதி எண். ஒத்துப்போகாவிட்டால் “தப்பு”. அதைப் பார்த்ததும் அவன் தன் கையால் கீழே “பாத்தாச்சு” என்று போடுவான். தூங்கி எழுந்தால் இரவு வந்தவை எல்லாவற்றுக்கும் வரிசையாக ஒவ்வொரு பாத்தாச்சு. மெஷின் சொன்னதை மனுஷன் பார்த்தான் என்பதற்குக் கையெழுத்து வேண்டும் என்பான். ஆலையின் லாக் புத்தகப் பழக்கம். நாங்கள் அதைக் கிண்டல் செய்வோம். நேரம் கிடைத்தால் ஒரு கட்டைவிரலைத் தட்டிவிடுவோம்.

சோதனை தொடங்கிய புதன்கிழமை அவன் என்னோடு போனில் பேசினான். லீவுக்கு அபுதாபி வாடா என்றேன். “டெஸ்ட் ஓடுது வே, போட்டுட்டு எங்க வர?” என்றான். பேச்சோடு பேச்சாக, “நெஞ்சுல என்னமோ கரிக்கு. ஆலைல நோம்புக் கஞ்சி குடுத்தானுவ, ரெண்டு டம்ளர் குடிச்சேன், அதாம்” என்றான். “நோன்பு இருக்காமக் கஞ்சி மட்டும் குடிச்சா அப்படித்தான்டா கரிக்கும்” என்று நான் சொன்னேன். இரண்டு பேரும் சிரித்தோம். அவனோடு நான் கடைசியாகப் பேசியது இதுதான்.

சனிக்கிழமை, பெருநாளின் இரண்டாம் நாள், நான் குடும்பத்தோடு ஜெபல் ஜைஸ் மலைக்குப் போனேன். ராஸ் அல் கைமா வழியாகத்தான் போக வேண்டும். என் மனைவி சுதா அவனுக்கென்று ஒரு டப்பாவில் புளியோதரை கட்டி வைத்திருந்தாள். “ஏங்க, சங்கர் அண்ணன் ரூம் பக்கந்தானே. குடுத்துட்டே போயிருவோம்” என்றாள். பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தி அவனுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. அந்த நிமிடமே குழுவில் செய்தி வந்தது. “சரி. 66.” போனை சுதாவிடம் காட்டினேன். “பாரு, தொரை டெஸ்ட்டுல மும்முரமா இருக்காரு. இப்பப் போனா கதவைத் திறந்துட்டுத் திட்டுவான். திரும்பி வர்றப்பப் பாப்போம்” என்றேன். அந்த 66க்கு ஒரு கட்டைவிரலைத் தட்டினேன். திரும்பி வரும்போது மலையடிவாரம் முழுக்க வண்டிகள் அடைத்துக்கொண்டு நின்றன. பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். நேராக அபுதாபிக்கு ஓட்டினேன். புளியோதரையை மறுநாள் நான்தான் சாப்பிட்டேன்.

அந்தப் பெட்ரோல் பங்கிலிருந்து அவன் அறை நான்கு நிமிடம்.

திங்கட்கிழமை நான் போய்ச் சேரும்போது அவனை எடுத்துப் போய்விட்டார்கள். குளியலறை வாசலில் விழுந்து கிடந்ததாக இர்ஃபான் சொன்னார். போன் சார்ஜரில் இருந்திருக்கிறது. மேஜைமேல் கிட்டில் சிவப்பு எண்கள் மாறிக்கொண்டே இருப்பதைப் பார்த்துக் கட்டிட வாட்ச்மேன் பயந்து, சுவரிலிருந்த ப்ளக்கைப் பிடுங்கிவிட்டாராம். நூற்றுப் பதிமூன்றோடு நின்றது அதனால்தான். மாரடைப்பு என்றார்கள். விழுந்ததும் உயிர் போயிருக்கும், கஷ்டப்பட்டிருக்க மாட்டார் என்று டாக்டர் என் தோளைத் தட்டிச் சொன்னார். எப்படித் தெரியும் என்று கேட்க நினைத்து, கேட்கவில்லை. பயம். ஆலையில் அவன் எழுதிக் கொடுத்த படிவத்தில், அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. அடுத்த ஒரு வாரம் பிணவறை, போலீஸ், தூதரகம், விமான கார்கோ என்று ஓடினேன். இறப்புச் சான்றிதழில் திங்கட்கிழமை என்று போட்டிருந்தது. கண்டெடுத்த நாளைப் போட்டுவிட்டார்கள். நானும் அதில் வாயைத் திறக்கவில்லை.

ஊரில் எல்லாம் முடிந்து சில நாள் கழித்துக் கோமதி போன் செய்தாள். “அண்ணே, ஐயரு திதி கேக்காரு. சர்ட்டிபிகேட்டுல உள்ள தேதிக்குச் சஷ்டி வருது. அன்னைக்குத்தானா? உங்களுக்கு வேற எதும் தெரியுமா?”

“சர்ட்டிபிகேட்ல போட்டதுதாம்மா” என்றேன்.

“இல்லண்ணே. மூணு நாளு ஆயிருக்கும்னு இங்க பேசிக்கிடுதாக. தப்பான நாள்ல சோறு வச்சா அவுக எப்படிண்ணே வருவாக? வருசா வருசம் செய்யணும்லா.”

விசாரித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். விசாரிக்க ஒன்றுமில்லை. பதில் என் சட்டைப் பையில் இருந்த போனிலேயே இருந்தது. குழுவைத் திறந்து மேலே போனேன். சரி ஒன்று, பாத்தாச்சு. சரி இரண்டு, பாத்தாச்சு. வியாழக்கிழமை மாலை நான்கு மணி, சரி இருபத்து நான்கு, பாத்தாச்சு. ஐந்து மணி, சரி இருபத்தைந்து. அதன் கீழே ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு எதன் கீழும் அந்தச் சொல் இல்லை. அன்று மாலைதான் பிறை தெரிந்து, மறுநாள் பெருநாள் என்று அறிவித்தார்கள். காலண்டரில் துவிதியை. நான் எண்ணினேன். இருபத்தைந்துக்கும் நூற்றுப் பதிமூன்றுக்கும் நடுவில் பதினொரு இடத்தில் என் கட்டைவிரல் நின்றது. செத்தவனுக்குப் பதினொரு முறை சபாஷ் சொல்லியிருக்கிறேன். நிரலுக்குச் சந்தேகம் வரக் கூடாது என்றான் அவன். எனக்கும் வரவில்லை.

நாளைச் சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பாள். அதைச் சொன்னால் சனிக்கிழமையையும் சொல்ல வேண்டும். இரண்டு வாரம் அவள் போனை எடுக்காமல் இருந்தேன். “அந்தப் பொண்ணு வருசா வருசம் தப்பான நாள்ல கும்பிடட்டும்னு விடப் போறீங்களா?” என்று சுதா கேட்டாள். அதற்குப் பிறகு கூப்பிட்டேன். நெஞ்சுக்கரிப்பு, பாத்தாச்சு, பெட்ரோல் பங்க், புளியோதரை, பதினொரு கட்டைவிரல் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன்.

அவள் கடைசி வரை கேட்டாள். பிறகு, “கதவைத் தட்டியிருக்கலாம்லாண்ணே” என்றாள்.

“தட்டியிருக்கணும்மா.”

“வெள்ளி, சனி, ஞாயிறு. மூணு நாளும் நானும் போன் போட்டேன். எடுக்கல. டெஸ்ட்டுன்னு சொன்னாகளேன்னு விட்டுட்டேன்.” மூக்கை உறிஞ்சினாள். “ஒங்களை நான் ஒண்ணும் சொல்லல. சொல்லாம இருக்கவும் முடியல. துவிதியைன்னு ஐயருட்டச் சொல்லிருதேன். அந்த டெஸ்ட்டு முடிஞ்சிட்டாண்ணே?”

“இன்னும் ஏழு இருக்கு.”

“முடிச்சு வைங்க. பாதில விட்டா அவுகளுக்கு ஆகாது. என்னையும் அந்தக் குரூப்புல சேத்துவிடுங்க.”

கிட்டும் லேப்டாப்பும் என் வீட்டில்தான் இருந்தன. எந்தப் பகுதியிலிருந்தும் தொடங்கும்படி அவன் எழுதி வைத்திருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கோமதியைக் குழுவில் சேர்த்துவிட்டு நூற்றுப் பதினான்கிலிருந்து ஓடவிட்டேன். ஒரு மணி நேரத்தில் குழுவில் அவன் பெயர் எழுந்தது. “சரி. 114.” தம்மாமிலிருந்து உடனே அந்தோணி கூப்பிட்டான். “மக்கா, நிறுத்துடே. அவன் பேரைப் பாத்தா நெஞ்சு அடைக்குது” என்று அழுதான். கோமதி சொல்லித்தான் ஓடுகிறது என்றேன். அப்படியானால் ஓடட்டும் என்றான். நூற்றுப் பதினைந்து சரி. நூற்றுப் பதினாறு சரி. நான் மேஜையை விட்டு எழவில்லை. அந்த முறை கட்டைவிரலை எங்கும் வைக்கவில்லை. மதியம் ஒரு மணிக்கு அடுத்தது வந்தது.

“தப்பு. 117.”

நிஜச் சிப் ஒரு பதில் சொன்னது, அவன் எழுதியது வேறு பதில் சொன்னது. இத்தனை நாளில் வந்த முதல் தப்பு. நான்கு பேர் இருக்க வேண்டிய குழுவில் மூன்று பேர் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். என்ன செய்வது என்று எங்கள் யாருக்கும் தெரியாது. அவன் இருந்திருந்தால் கேக்கை விட்டுவிட்டு ஓடியிருப்பான். சற்று நேரம் கழித்துக் கீழே ஒரு சொல் வந்தது. கோமதி எழுதியிருந்தாள்.

“பாத்தாச்சு.”

பிறகு நூற்றிருபது வரை மூன்றும் சரியாக வந்தன. மூன்றுக்கும் அவளே போட்டாள்.

அந்த நூற்றுப் பதினேழு இன்னும் தப்பாகவே இருக்கிறது. அதைத் திருத்தும் அறிவு எனக்கில்லை, வேறு யாரையும் தொடவிடவும் மனமில்லை. கிட் என் மேஜையில் இருக்கிறது. தனியாக இருக்கும் நண்பர்கள் யாராவது போனை எடுக்கவில்லை என்றால் இப்போதெல்லாம் நான் நேரில் போய்க் கதவைத் தட்டுகிறேன். இரண்டு பேரிடம் திட்டு வாங்கியாகிவிட்டது. குழுவை மூடிவிடு, இல்லாவிட்டால் அந்த நான்கு நாளையாவது அழித்துவிடு என்று அந்தோணி சொன்னான். முடியாது என்றேன். தப்பையும் சேர்த்து எழுதினால்தான் அது அந்த ஆள். அவன் பார்க்காமல் போன எண்பத்தொன்பது ‘சரி’யும், நடுநடுவே என் பதினொரு கட்டைவிரலும் அங்கே அப்படியே இருக்கின்றன.